டியூட்டி முடிந்து படிம்மா

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருண்டு வருகின்றன. கார் கம்பெனியில் ரோபோ கை மக்கர் செய்தால் லைனை நிறுத்திப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பட்டை தீட்ட யாரும் லைனை நிறுத்துவதில்லை. மேல்படிப்பு என்று கேட்டால் ஒரே பதில்: "டியூட்டி முடிச்சிட்டுப் படிம்மா!"

இந்திய நர்சிங் கவுன்சிலின் 'தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர்' முதுநிலைப் படிப்பு 2 வருடம். ஐசியூவிலேயே கிடந்து பழகும் ரெசிடென்சி. பகுதி நேரம் என்ற பேச்சே இல்லை. நியாயம்தான், வென்டிலேட்டர் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பதில்லையே. வீட்டுக் கடனின் தவணையும்தான் கேட்பதில்லை. ஆகவே வேலையை விட முடியாத நர்ஸ்கள் தாங்களே ஒரு பகுதி நேரப் படிப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நைட் டியூட்டி முடிந்து, கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் ஆட்களை இறக்கி ஏற்றும் நெடுஞ்சாலை ஓரத்தில், போனில் ரத்த வாயுப் பாடம்: பிஎச் 7.35க்குக் கீழே போனால் அமிலம், 7.45க்கு மேலே போனால் காரம். பஸ் வந்துவிட்டால் வகுப்பு கலைந்தது.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது ஏட்டுக் கணக்கு. எனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று கட்டிலுக்கு ஒருத்தி. "மூணு மடங்கு அனுபவம் கிடைக்குதே" என்றார் நிர்வாகி. சம்பளத்தின் மடங்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

உங்கள் வீட்டு ஆள் ஐசியூவில் இருந்தால், டாக்டரைத் தேடும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: "சிஸ்டர், தூங்குனீங்களா?"