இல்லாத பக்கம்

1979இல் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு. சரளமாக வாசிப்பவன் என்று பெயரெடுத்திருந்தேன். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்வான். நாற்பது பேரும் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வோம். பத்து நாளில் பாடம் தொண்டையில் உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு வேலையே இல்லை.

என் புத்தகம் அரைவிலைக்கு வாங்கியது. பதினேழும் பதினெட்டும் இருந்த தாள் அதில் இல்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். பதினாறாம் பக்கத்தை முடித்தேன். இல்லாத இரண்டு பக்கங்களையும் ஒரு புள்ளி பிசகாமல் வாசித்துவிட்டுப் பத்தொன்பதுக்குப் போனேன். "பிரமாதம்" என்றார். வாத்தியாருக்கு முகமெல்லாம் பல்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் கோரஸில் குறை வைக்காதவன்தான். இன்றைக்கும் பேருந்து வந்தால், "எந்த ஊருக்குடா போகுது?" என்று என்னைக் கேட்கிறான். அந்தக் காலப் படிப்பு அந்தக் காலப் படிப்புதான் என்று நான் மேடையில் பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதும் அவன்தான்.

பள்ளியில் புத்தக அலமாரியும் இருந்தது. சாவி தலைமையாசிரியரிடம். அவர் காலத்தில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை என்று தணிக்கையில் நற்பெயர். உள்ளே சுதந்திரமாக வாசித்தது ராமபாணப் பூச்சி மட்டுமே.

எனக்கு உண்மையில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத எதிர்வீட்டு அப்பத்தா. வார இதழின் தொடர்கதையை நான் வாசிக்க வேண்டும். கூலி ஒரு கடலை மிட்டாய். பள்ளிக்கூட ராகத்தில் ஆரம்பித்தால், "ஏண்டா தண்டோரா போடுற? அந்தப் பிள்ளை அழுதுக்கிட்டுல்ல பேசுது? திரும்பப் படி" என்பார். ஒரே பத்தி மூன்று தரம் ஓடும். மூன்றாவது தரம் எனக்கே தொண்டை அடைக்கும். அதே 1979இல்தான் அமெரிக்காவில் ஜே சாமுவேல்ஸ் என்ற ஆய்வாளர், ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் சரளம் வரும் என்று கட்டுரை எழுதினார். அப்பத்தாவுக்குத் தகவல் வந்து சேரவில்லை.

போன மாதம் அதே பள்ளிக்குப் போனேன். சட்டாம்பிள்ளையும் இல்லை, ராகமும் இல்லை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி பிள்ளைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று படிநிலை வைத்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் கயிற்றில் கொடித்துணி போலத் தொங்கின. யாரும் யாருக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. என் நண்பன் இங்கே படித்திருந்தால் முதல் வாரமே பிடிபட்டிருப்பான்; நான் இரண்டாவது வாரம்.

மூன்றாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு 60 சொல்லாவது வாசிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் நிபுண் பாரத் திட்டம் வைத்த இலக்கு. டீச்சர் கைப்பேசியில் நேரம் பார்க்க, ஒரு பையன் வாசித்தான். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒன்று வந்தது. மூச்சு வாங்க ஏறி இறங்கினான். கணக்கில் அது ஒரே ஒரு சொல். அடுத்த வரியில் ஆட்டுக்குட்டி காணாமல் போனது. அவன் குரல் தானாகத் தணிந்து, வேகமும் குறைந்தது. அப்பத்தா இருந்தால் மிட்டாயை எடுத்திருப்பார். மணி அடித்தது. முப்பத்தெட்டு.

ஆட்டுக்குட்டி கிடைத்ததா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையில் டீச்சர் புத்தகங்களை எண்ணினார். நாற்பதில் ஒன்று குறைந்தது. முப்பத்தெட்டின் பைக்குள் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஓர் அட்டை நுனி தெரிந்தது. டீச்சரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் பதிவேட்டை இழுத்து, "இருப்பு: 40" என்று எழுதி மூடினார்.

எங்கள் தலைமையாசிரியர் காலத்தைப் போலவே கணக்கு சுத்தம்.