மலிவான புட்டியும் விலையேறிய சொற்களும்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் சில யூரோவுக்கே கிடைக்கும் சிவப்பு ஒயினைச் சுவைக்க அமர்வோர், முதலில் கோப்பையைச் சுழற்றி, அதன் உட்சுவரில் மெல்ல இறங்கும் ‘கண்ணீர்’ எனப்படும் தாரைகளை ஓலைச்சுவடி வாசிப்பவரைப்போல் உற்று நோக்குவர். ஆல்கஹால் விரைந்து ஆவியாவதால் பரப்பு இழுவிசை மாறி உண்டாகும் அக்கோடுகள் தரத்தைப் பற்றி ஒன்றும் உரைப்பதில்லை என்பது அவ்வாசிப்புக்குத் தடையாவதில்லை. அடுத்து வருவது துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருளால் நா வறளும் அவ்வுணர்வு, கொட்டைப்பாக்கு மென்றவர் எவரும் அறிந்ததே எனினும், விலை குறைந்த புட்டியில் ‘முரட்டுத்தனம்’ என்றும் விலை கூடியதில் ‘கட்டமைப்பு’ என்றும் பெயர் பெறும். சொல்வளம் நாவைச் சார்ந்ததா என்பதும் ஐயத்திற்குரியதே. அதே போர்தோவில் நிகழ்ந்து 2001இல் வெளியான ஆய்வொன்றில், மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினை முகர்ந்த 54 ஒயினியல் மாணவர்கள், சிவப்பு ஒயினுக்குரிய பழங்களின் பெயர்களையே அதற்கும் வாரி வழங்கினர். சாயம் சேருமுன் அதே ஒயினில் அவர்கள் கண்டிருந்த வெள்ளை ஒயினின் மணங்கள், பாவம், சொல்லாமல் கொள்ளாமல் கோப்பையை விட்டு வெளியேறிவிட்டிருந்தன.