கொடிக்காரர்

கியோட்டோவில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது என்று யாராவது கேட்டால், கோயில்களைத் தள்ளிவைத்துவிட்டு நான் கொடிக்காரரைத்தான் சொல்வேன். சுற்றுலாக் குழுவுக்கு முன்னால் கொடி பிடித்துப் போகும் அந்தப் பெரியவரைச் சரியாகக் கவனித்துவிட்டால், ஜப்பானியப் பண்பாட்டில் பாதி முடிந்தது.

அறுபதைத் தாண்டிய வயது. ஏதோ ஒரு கம்பெனிக்கு ஆயுளைக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தொப்பி, ஏகப்பட்ட பை வைத்த கையில்லாச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் இழுத்து நீட்டும் கம்பி, அதன் நுனியில் துணிக்கொடி. ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்தில் கூடுவதாக ஏற்பாடு என்றால் எட்டரைக்கே வந்து நிற்பார். சரியாக ஒன்பதுக்கு வருகிறவரைப் பார்த்துப் புன்னகைப்பார். தாமதமாக வந்துவிட்டோம் என்பது அந்தப் புன்னகையிலேயே தெரிந்துவிடும்.

கழுத்து அட்டையை லேசாக எடைபோடக் கூடாது. 1949-ல் வந்த சட்டப்படி, அரசுத் தேர்வில் தேறியவர்தான் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டாருக்கு வழிகாட்டலாம் என்றிருந்தது. சரித்திரம், பூகோளம், அந்நிய மொழி என்று குடைந்தெடுப்பார்கள். 2018-ல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, உரிமம் இல்லாதவரும் செய்யலாம் என்றார்கள். “அதுவும் நல்லதுதான்” என்பார் கொடிக்காரர். சொல்லிக்கொண்டே, அட்டையின் முன்பக்கம் எல்லோருக்கும் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொள்வார்.

மன்னிப்புக் கேட்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மழை பெய்தால் மன்னிப்பு, வெயிலடித்தால் மன்னிப்பு. ஆகஸ்டில் வந்தவரிடம் செர்ரி பூக்கவில்லை என்பதற்காக மன்னிப்பு. அதோடு விடமாட்டார். பையிலிருந்து லேமினேட் செய்த படத்தை உருவி, பச்சை மரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பூத்திருந்தால் இப்படி இருந்திருக்கும் என்று ஈடுகட்டுவார்.

கின்காகுஜி கோயிலில், தங்கரேக்கு ஒட்டிய மண்டபம் குளத்தில் மின்னுவதைப் பார்த்து எல்லோரும் வாய் பிளந்திருக்கும்போது, “மன்னிக்கவும், இது 1955-ல் திரும்பக் கட்டியது” என்பார். பழையது 1950-ல் எரிந்துபோனது. கொளுத்தியவர் ஓர் இளம் துறவி. கொடிக்காரர் முகத்தைப் பார்த்தால், தீப்பெட்டி கொடுத்ததே இவர்தானோ என்று தோன்றும். “அப்போ இது டூப்ளிகேட்டா?” என்று யாராவது கேட்டால் மட்டும் குனிந்த முதுகு நிமிரும். ஈசே பெருங்கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள், கடைசியாக 2013-ல் கட்டினார்கள், மரம் புதிது, வேலைப்பாடு பழையது என்று ஆரம்பிப்பார். கேட்டவர் மெல்ல ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நழுவுவார்.

கியோமிசு கோயிலின் மர மேடை 13 மீட்டர் உயரம், 1633-ல் எழுப்பியது. எடோ காலத்தில் வேண்டுதல் பலிக்க இங்கிருந்து குதித்திருக்கிறார்கள். கோயில் குறிப்புகளில் அப்படி 234 குதிப்புகள். “சுமார் 85 சதவீதம் பேர் பிழைத்துவிட்டார்கள்” என்று ஆறுதலாகச் சொல்வார். 1872-ல் தடை வந்துவிட்டதையும் மறக்காமல் சேர்ப்பார். குழு கீழே எட்டிப் பார்க்கும். அவர் எட்டிப் பார்க்கிற தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஃபுஷிமி இனாரி கோயிலில் ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்கள். ஏறும்போது பக்தி வரும். திரும்பி இறங்கும்போதுதான் தூண்களில் கொடுத்தவர் பெயரும் தேதியும் கண்ணில் படும், நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் ‘உபயம்’ எழுதிய மாதிரி. பெரும்பாலும் கம்பெனிகள். கொடிக்காரர் ஒவ்வொன்றையும் நின்று படித்துக் காட்டுவார். ஏதாவதொரு பெயரருகே குரல் குழைந்தால், வேலை பார்த்த இடமாயிருக்கும்.

கெய்ஷாக்களின் பேட்டையான கியோனில் அவர் குரல் ரகசியமாகிவிடும். அவர்களைப் படம் பிடிக்க விரட்டும் கூட்டம் தாளாமல், அங்கே தனியார் சந்துகளில் 2024 முதல் சுற்றுலாக்காரர்களுக்கு அனுமதியில்லை. மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அப்போது பார்த்து கிமோனோ கட்டிய பெண்ணொருத்தி வருவாள். குழு கேமராவோடு பாயும். “அது வாடகை கிமோனோ, அவரும் சுற்றுலா வந்தவர்தான்” என்று கொடிக்காரர் வருத்தத்தோடு தெரிவிப்பார். பயிற்சியில் இருக்கும் கெய்ஷாவான அசல் மைக்கோவுக்குச் சொந்த முடி, பின்னால் நீளத் தொங்கும் இடுப்புப்பட்டை. மூத்த கெய்க்கோ என்றால் பொய்முடி என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், அசலான ஒருத்தி பின்பக்கமாகக் கடந்து போயிருப்பாள்.

தேநீர்ச் சடங்கில் எல்லோரையும் காலை நீட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தான் மட்டும் மண்டியிட்டு உட்காருவார். தேநீர்க் கலைக்கு இலக்கணம் வகுத்த சென் நோ ரிக்யூ, ஆட்சியாளர் ஹிதேயோஷியின் ஆணைப்படி 1591-ல் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்த கதையை, இனிப்புத் தட்டை நீட்டியபடியே சொல்வார். “சர்க்கரை கிடைக்குமா?” என்று ஒருவர் கேட்பார். கொடிக்காரர் பல்லிடுக்கில் காற்றை இழுத்து, தலையைச் சாய்த்து, “அது... கொஞ்சம் கடினம்” என்பார். ரிக்யூவுக்குக்கூட அவர் இவ்வளவு கலங்கவில்லை.

கடைசியாக ர்யோவான்ஜி கோயிலின் பாறைத் தோட்டம். வெள்ளைச் சரளையில் 15 பாறைகள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்று மறைந்து, 14 தான் தெரியும். எல்லோரும் விரல் விட்டுப் பாறைகளை எண்ணுவார்கள். அவர் நம்மை எண்ணுவார். 15 பேரில் 14 தான் தேறும். கொடியை மடக்கி, இருக்கிறவர்களிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாசலுக்கு ஓடுவார். பானம் விற்கும் இயந்திரத்தில் சில்லறை போட்டுக்கொண்டிருந்த ஆசாமியைக் கூட்டிவந்து, தேடத் தாமதமானதற்கு அவரிடமும் மன்னிப்புக் கேட்பார். தோட்டம் மூடும் நேரமாகியிருக்கும். பரவாயில்லை, பையில் படம் இருக்கிறது. உயரத்திலிருந்து எடுத்தது. அந்த ஆசாமி ஒருவர்தான் 15 பாறையையும் பார்ப்பார்.