கூட்டல் மட்டும் தெரிந்தவர்

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் நடைபாதைக்குக் காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். நடக்கிறவர்கள், நின்று பேசுகிறவர்கள். நம்மவர் இரண்டாம் வகை. ஆனால் அவருடைய ஷூ முதல் வகைக்காரர்களுடையதைவிட விலை கூடியது. ஐம்பதைத் தொட்டுவிட்ட வயது, 92 கிலோ எடை. வயதைக் கேட்டால் மழுப்புவார். எடையை மட்டும் தயங்காமல் சொல்வார், அது சீக்கிரம் குறையப்போகிற சங்கதி என்பதால். இன்னும் குறைய ஆரம்பிக்காததற்கு ஒரே ஒரு காரணம்தான். எந்தப் புரோட்டீன் பவுடர் வாங்குவது என்பது முடிவாகவில்லை.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனிதர் இத்தனை விசாரிக்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அங்கே ஜாதகம், வேலை, சொந்த வீடு என்று மூன்றோடு முடிந்துவிட்டது. டப்பாவுக்கு அப்படி முடியுமா? கான்சென்ட்ரேட்டா, ஐசொலேட்டா, ஹைட்ரொலைசேட்டா என்று முதலில் குலம் விசாரிக்க வேண்டும். பிறகு சர்க்கரை எவ்வளவு, இனிப்புக்கு ஸ்டீவியாவா, சுக்ரலோஸா, எந்த நாட்டுச் சரக்கு, யார் இறக்குமதி செய்தது. இத்தனையும் பொருந்தி வரும்போது சாக்லேட் சுவை ஸ்டாக் இல்லை என்று கடையில் சொல்லிவிடுவார்கள். வெனிலா பிடிக்காது. மறுபடியும் முதலிலிருந்து.

அவருக்கு விஷயம் தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். பாலைத் திரித்துப் பன்னீர் எடுக்கும்போது வடிகிற தண்ணீர்தான் வே. பாலில் உள்ள புரதத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு கேசின். அது கட்டியோடு போய்விடும். மீதி இருபது பங்குதான் வே புரதம். அதை வடிகட்டிக் காயவைத்துத் தூளாக்கினால் கான்சென்ட்ரேட், அதில் அதிகம் போனால் 80 சதவீதம் புரதம். இன்னும் வடிகட்டிக் கொழுப்பையும் பால் சர்க்கரையையும் நீக்கினால் ஐசொலேட், 90 சதவீதத்துக்கு மேல். வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் விற்றுப் பிழைத்த வெளிநாட்டுக்காரன் கழிவென்று நினைத்ததைக் காசாக்கிக்கொண்ட கதை இது. இதை ஒருநாள் தெரிந்துகொண்ட நம்மவர் நேராகச் சமையலறைக்குப் போய், "இத்தனை வருஷமா வேயைச் சிங்க்குல கொட்டியிருக்கறயே" என்று மனைவியிடம் சத்தம் போட்டார். அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டது: "ஏனுங்க, பன்னீரத் தின்னது யாருங்க?"

காந்திபுரத்தில் அவர் வழக்கமாகப் போகிற கடை ஒன்று இருக்கிறது. வழக்கமாகப் போவாரே தவிர வெகுநாள் வரை எதையும் வாங்கியதில்லை. முதல்நாள் போனபோது தேங்காய் பருமனில் புஜம் வைத்த பையன் ஒருவன், "கட்டிங்குங்களாண்ணா, பல்க்கிங்குங்களா?" என்று கேட்டான். நம்மவர் பதறிப்போய், "அதெல்லாம் விட்டு நாளாச்சு தம்பி" என்றார். கட்டிங் என்றால் எடை குறைப்பது, பல்க்கிங் என்றால் ஏற்றுவது என்று அவன் விளக்கிய பிறகுதான் முகத்தில் ரத்தம் திரும்பியது.

அவர் டப்பா பார்க்கிற அழகைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் 24 கிராம் என்று உள்ளங்கை அகலத்தில் போட்டிருக்கும். அதை ஒரு கணம்கூடப் பார்க்க மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டப்பாவைத் திருப்பி, மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு பொடி எழுத்துகளுக்கு வருவார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணில் 14 இலக்கமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாய் உதட்டை அசைத்து எண்ணுவார். எண்ணி முடித்ததும், "சரியா இருக்குது" என்பார். புரட்டாசி மாதமாக இருந்தால் பச்சைப் புள்ளியையும் பார்த்தாக வேண்டும். ஒரு ஸ்கூப் 30 கிராம், அதில் 24 கிராம் புரதம், அப்படியானால் எத்தனை சதவீதம் என்று செல்போனில் கணக்குப் போட்டு 80 வந்தால் தலையாட்டுவார். கடைசியில் டப்பாவை இருந்த இடத்திலேயே, லேபிள் வெளியே தெரிகிற மாதிரி, பத்திரமாக வைத்துவிட்டு, "யோசிச்சுட்டு வர்றேன் தம்பி" என்று இறங்குவார்.

இறங்கினால் எதிரே தள்ளுவண்டியில் காளான். "காளான்ல புரோட்டீன் இருக்குதுங்க" என்று ஒரு பிளேட். கோவை ரோட்டுக்கடைக் காளானில் காளானைவிட முட்டைக்கோசும் மாவும்தான் அதிகம் என்பது இந்த ஊரில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரியும். லேபிள் இல்லாத பண்டத்தை நம்மவர் விசாரிப்பதில்லை.

போலி டப்பா பற்றிப் பேச ஆரம்பித்தாரென்றால் பந்தியே நின்றுவிடும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "ஆய்வுக்கூடத்துல புரோட்டீனை நேரா அளக்கறதில்லீங்க, நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்குறாங்க. இது கெல்டால்னு டென்மார்க்காரர் ஒருத்தர் 1883-ல கண்டுபிடிச்ச முறைங்க. அதனால நைட்ரஜன் இருக்கற மலிவுச் சரக்கைக் கலந்துட்டா கணக்குல புரோட்டீன் கூடிரும். சைனாவுல 2008-ல பால்ல மெலமைன் கலந்து குழந்தைகளைக் கொன்னது இப்படித்தானுங்க." சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்லப் பரிமாறுகிறவர் பாதாம் அல்வா கொண்டுவந்தார். நம்மவர் பேச்சை நிறுத்தாமலே இலையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டாவது முறை வந்தபோதும்.

அவருடைய சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2024இல் கேரளத்து மருத்துவர்கள் சிலர் நம் நாட்டில் விற்கிற 36 புரத மாவுகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். பத்துக்கு ஏழில் டப்பா சொன்னதும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. அதே ஆண்டு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பு ஏற்றுவதற்காகப் புரத மாவு சாப்பிட வேண்டாம் என்று தன் வழிகாட்டியில் எழுதியது. நம்மவர் இரண்டையும் படித்திருக்கிறார். முதலாவதைப் படித்ததும் இன்னும் கவனமாகத் தேட வேண்டும் என்று முடிவு செய்தார். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால், "நமக்கு ஏத்தறதுக்கு இல்லீங்களே, குறைக்கறதுக்குத்தானே" என்கிறார்.

எவ்வளவு புரதம் வேண்டும் என்பதிலும் அவருக்குத் தனிக் கணக்கு. சாதாரண ஆளுக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்கிறது அரசு நிறுவனம். நம்மவர் ஆணழகன் போட்டிக்காரர்களின் கணக்கான இரண்டு கிராமை எடுத்துக்கொண்டார். 92-ஐ இரண்டால் பெருக்கினால் 184 கிராம். முட்டைக்கு ஆறு கிராம் வீதம் நாளைக்கு முப்பது முட்டைக்கு மேல். அதற்கு நாமக்கல்லுக்கே குடிபோய்விடலாம். முப்பது முட்டை ஆகாத காரியம், ஆகவே பவுடர். ஆக, பவுடர் தேவை என்பது கணிதத்தால் நிரூபணம் ஆகிவிட்டது.

ஒருநாள் வாங்கியும் விட்டார். அந்த டப்பாவைத் திறந்த காலை ஒரு விசேஷம். மூடியைத் திருகி, வெள்ளி சீலை நகத்தால் சுரண்டி, முடியாமல் பல்லால் கடித்து, கிழிந்த வேகத்தில் ஒரு பிடி மாவு மேலே பறந்து மீசையில் உட்கார்ந்தது. ஸ்கூப்பைக் காணோம். அது எப்போதும் அடியில்தான் புதைந்திருக்கும். முழங்கை வரை விட்டுத் துழாவினார். "காதணி விழுந்த கிணத்துல தேடற மாதிரி" என்றது சமையலறைக் குரல். ஷேக்கருக்குள் ஒரு கம்பி உருண்டை உண்டு, கட்டி கரைவதற்கு. அதைப் போட்டார், மூடியின் சின்ன வாயை அடைக்க மறந்தார். குலுக்கினார். வெள்ளைச் சட்டை, சுவர்க் காலண்டர், இரண்டிலும் சாக்லேட்.

இனிதான் முக்கியமான இடம். ஒரு ஸ்கூப் தண்ணீரில் கரைத்தால் சுமார் 120 கலோரி. தண்ணீரில் நன்றாக இல்லை என்று நம்மவர் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டுக்கு மாறினார். அதில் கொழுப்பு ஆறு சதவீதம். 300 மில்லி ஊற்றினால் பாலுக்கு மட்டும் ஏறக்குறைய 260 கலோரி, ஸ்கூப்பைப்போல் இரண்டு மடங்கு. கெட்டியாக இருக்க ஒரு வாழைப்பழம். சத்துக்கு ஒரு கரண்டி நிலக்கடலை வெண்ணெய். மொத்தம் ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிட்டது. அதைக் குடித்து, வாயைத் துடைத்து, சாப்பாட்டு மேசைக்கு வந்து, வழக்கமான நாலு இட்லியை வழக்கம்போல் சாப்பிட்டார். பவுடர் மருந்து மாதிரி; இட்லிதானே ஆகாரம்?

மாதக் கடைசியில் எடை மிஷின் 94 காட்டியது. நம்மவர் கலங்கவில்லை. "கூடினது தசைங்க. தசை கொழுப்பைவிடக் கனம்" என்றார். எந்தத் தசை என்று கேட்கும் துணிவு யாருக்கும் வரவில்லை.

மனைவியின் கட்சி வேறு. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சும்மாவா சொன்னாங்க? இந்தக் காசுக்கு ஒரு மூட்டை கொள்ளு வாங்கியிருக்கலாமுங்க" என்பது அவர் வாதம். கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்புக்கு எதிராகப் பேசிவிட்டு வீடு போய்ச் சேர முடியாது. இருந்தாலும் கணக்கைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம். ஒரு ஸ்கூப்பின் 24 கிராமுக்கு ஈடுகட்ட 110 கிராம் கொள்ளை வேகவைத்துத் தின்ன வேண்டும். அதை ஒரே வேளையில் ஒருவர் தின்றுவிட்டால் அன்று மாலை அவர் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. அதோடு மாவுச்சத்தும் சேர்ந்து கலோரி மூன்று மடங்கு ஆகும். கொள்ளுக்கு அதற்குரிய பெருமை போதும், வேயின் பெருமையையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

நம் தட்டில் புரதம் குறைவு என்பது மெய்தான். சோறு குன்று மாதிரி இருக்கும், சாம்பாரில் பருப்பை எண்ணிவிடலாம். சாப்பாட்டைக் குறைத்து இளைக்கிறவனுக்குக் கொழுப்போடு தசையும் கரையும். புரதம் போதுமான அளவு இருந்து, கொஞ்சம் பளுவும் தூக்கினால் தசை தங்கும். பசியும் அடங்கும். இதற்குப் பவுடர் ஒரு சௌகரியம், அவ்வளவுதான். கொழுப்பைக் கரைக்கிற வித்தை எந்த டப்பாவிலும் இல்லை. நம்மவருக்குக் கான்சென்ட்ரேட், ஐசொலேட் எல்லாம் தெரியும். கழித்தல் மட்டும் தெரியாது. நாலு மணி பஜ்ஜியைக் குறைத்தாரா என்று கேட்டால், "பஜ்ஜி கடலை மாவுதானுங்களே, அதுலயும் புரோட்டீன்" என்று அதையும் கூட்டல் பக்கம் எழுதிக்கொள்கிறார்.

சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாவைத் தொட வேண்டாம், இது சிரிப்பதற்கல்ல. மற்றவர்கள் வாங்கத்தான் வேண்டுமென்றால் கட்டுப்படியாகிற ஏதாவது ஒன்றை வாங்குங்கள், தண்ணீரில் கரையுங்கள், அன்றைக்கு இட்லியில் இரண்டைக் குறையுங்கள். நம்மவரிடம் மட்டும் யோசனை கேட்டுவிடாதீர்கள். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் பஜ்ஜியும் வந்துவிடும்.