கையொப்பமிட வராத கணக்குதாரர்

கேள்வி: கணவர் இறந்த செய்தி ஊருக்கே தெரிந்திருக்கும்போது, வங்கிக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை?
(வாசகி ஒருவர், வாகரை, மட்டக்களப்பு)

பதில்: ஊர் ஒப்பாரியைக் கேட்டு அறிகிறது, வங்கியோ மரணச் சான்றிதழை வாசித்தே அறிகிறது. கணக்குதாரர் தமக்குப் பின் பணத்தைப் பெறவேண்டியவரை, அதாவது பின்னுரித்தாளியை, முன்பே எழுத்தில் நியமித்திருந்தால் வேலை எளிதாகிறது. இல்லையெனில், சொத்தின் பெறுமதி சட்டம் வகுத்த எல்லையைத் தாண்டும்போது, அதை நிர்வகிக்கும் அதிகாரம் கோரி மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்குத் தொடுக்க நேர்கிறது. மட்டக்களப்புத் தமிழருக்கும் பொருந்தும் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மரணசாசனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதியை வாழ்க்கைத்துணைக்கு அளிக்கிறது. உரிமை பாதிதான் என்றாலும், படிவங்களை முழுமையாகவே நிரப்பவேண்டும்.

உள்நாட்டுப் போர் பலரை உடல்கூடக் கிடைக்காமல் கொண்டுபோன வாகரை போன்ற இடங்களில், மரணச் சான்றிதழே முதல் தடையாகிறது. ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவதற்கு 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. மரணத்தை ஏற்க மனமில்லாத குடும்பத்தினர், 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் காணாமற்போயிருப்பதை மட்டும் உறுதிசெய்யும் காணப்படாமைச் சான்றிதழைப் பெற்று, நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆகவே, ஏனைய குடும்பங்கள் பின்னுரித்தாளிப் படிவத்தில் கணக்குதாரரின் கையொப்பத்தை அவர் நலமாக இருக்கும்போதே இட்டுவைப்பது உத்தமம். கணக்குதாரர் நேரில் வரவேண்டுமென்று பிற்பாடு எந்த அதிகாரி வற்புறுத்தினாலும், அந்த ஓர் அழைப்பை மட்டும் அவர் துணிந்து புறக்கணித்துவிடுவார்.