மேட்டூர் திறந்தாச்சு, முள் வாங்கியாச்சா?

மேட்டூரில் கதவைத் தூக்கும் வாரத்தில் நன்னிலத்துக்காரர்கள் விதைநெல்லைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீன். வேளாண்மைத் துறை மன்னிக்கட்டும், இந்த வாரம் தூண்டில்காரர்களுக்கே.

கே: ஜூன் 12 அணை திறக்கிறார்கள். 13 காலையில் முடிகொண்டான் ஆற்றில் தூண்டில் போடலாமா?
— அவசரக்காரர், சன்னாநல்லூர்

ப: தாராளமாகப் போடலாம், மணலில். மேட்டூர்த் தண்ணீர் கல்லணையைத் தொடவே மூன்று நாள் பிடிக்கும். 2025இல் மேட்டூர் திறந்தது ஜூன் 12, கல்லணை திறந்தது ஜூன் 15. அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பங்கு பிரியும். அதற்குப் பிறகு எத்தனை தலைப்பு, எத்தனை ஷட்டர், எத்தனை முறைப்பாசனப் பஞ்சாயத்து! கடைமடைப் பக்கம் இருக்கிற நாம் பந்தியில் கடைசி இலை.

ஜூன் 12 என்பதும் கல்வெட்டு அல்ல. 2022இல் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. அந்த வருஷம் காலண்டரைப் பார்த்து லீவு போட்டவர் ஒன்றரை மாதம் சம்பளம் இழந்திருப்பார்.

தண்ணீர் வந்த அன்றும் ஓடாதீர்கள். முன்னால் வருவது வைக்கோல், வெங்காயத்தாமரை, பிளாஸ்டிக் பாட்டில், யாரோ கழற்றிப் போட்ட ஒற்றைச் செருப்பு. தூண்டிலில் அந்த வரிசையில்தான் மாட்டும். நுரை அடங்கி, கலங்கல் கொஞ்சம் தெளியட்டும். புல் ஓரத்தில் சின்னக் கெண்டை துள்ள ஆரம்பித்தால் உங்களுக்கு அழைப்பு வந்துவிட்டது.

கே: அதுவரை கையைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?
— அவரேதான்

ப: பரணில் கிடக்கும் போன வருஷத் தூண்டிலை இறக்குங்கள். நரம்பைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். வெயில் பட்ட நைலான் பார்க்கப் புதுசாகவே இருக்கும், விரால் இழுக்கும்போதுதான் தன் வயதைச் சொல்லும். சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். நரம்பில் சிக்கனம் பிடிப்பவர் மீனோடு முள்ளையும் தானம் செய்கிறார். முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். கீறி நின்றால் நல்லது, வழுக்கினால் அரத்தில் இரண்டு தேய் தேயுங்கள். துரு ஏறியிருந்தால் தேய்க்கவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள், கொல்லையில் அல்ல, பிள்ளைகள் நடக்கிற இடம்.

தக்கைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. குளத்து நெட்டியில் விரல் நீளம் நறுக்கினால் போதும், மயிலிறகுத் தண்டு இருந்தால் இன்னும் நுணுக்கம். கெண்டை முகர்ந்து பார்த்தாலே ஆடிவிடும். கம்புக்குக் கல்மூங்கில். நிழலில் காய்ந்ததாக இருக்க வேண்டும், வெயிலில் காய்ந்தது வெடிக்கும்.

மண்புழு, பாத்திரம் கழுவிய தண்ணீர் பாய்கிற வாழையடியில் கொழுத்துக் கிடக்கும். அந்த மண்ணோடு தேங்காய்ச் சிரட்டையில் எடுங்கள், மூடி போட்டு அவிக்காதீர்கள். கெண்டைக்கும் கெளுத்திக்கும் புழு. சிலேபிக்குப் பிசைந்த கோதுமை மாவே போதும். 1952இல் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய மீன் அது, சாப்பாட்டில் அப்போதிருந்தே கூச்சம் பார்த்ததில்லை. விராலுக்கு மட்டும் உயிரோடு அசைகிற இரை வேண்டும், சின்னத் தவளையோ சின்ன மீனோ.

கே: கடையில் பெரிய முள்ளாகக் கேட்டேன், 12ஆம் நம்பர் என்று வாங்கினேன். கொசு பிடிக்கக்கூடத் தேறாது போலிருக்கிறதே?
— ஏமாந்தவர், பேரளம்

ப: கடைக்காரர் நல்லவர், நம்பர்தான் தலைகீழ். எண் ஏற ஏற முள் சிறுக்கும். 12ஐவிட 6 பெரிசு, 6ஐவிட 1 பெரிசு. ஒன்றைத் தாண்டியதும் 1/0, 2/0, 3/0 என்று சுழி சேரும், அங்கிருந்து எண்ணோடு முள்ளும் வளரும். அந்த 12ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் கெண்டையின் வாய் உங்கள் ஆசை அளவுக்குப் பெரியதல்ல.

கே: எட்டாயிரம் ரூபாய்க்கு ராடும் ரீலும் வாங்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து?
— சிங்கப்பூர் ரிட்டர்ன், பூந்தோட்டம்

ப: வாங்குங்கள். பாலத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா?

கே: ஊர்க் குளம் பொதுச் சொத்துதானே, யாரைக் கேட்க வேண்டும்?
— குடிமகன், அச்சுதமங்கலம்

ப: குளம் பொது, மீன் பல ஊர்களில் குத்தகை. ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டு, தீனி போட்டு, ராக்காவலும் காத்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டால், “ரெண்டு கெண்டை பிடிச்சுக்கோ தம்பி” என்று சொல்கிற மனசு பலருக்கு உண்டு. கேட்காமல் போட்டால் வேறு வார்த்தை கேட்பீர்கள். ஆற்றில் போட்டாலும் ஷட்டரின் காலடி வேண்டாம். மீன் அங்கேதான் கூடும், தெரியும். சுழலும் அங்கேதான்.

கே: ஸ்ரீவாஞ்சியம் குப்த கங்கையில்..?
— பெயர் வேண்டாம் என்றவர்

ப: எமதர்மனுக்குத் தனிச் சன்னதி இருக்கிற ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்கவே துணிச்சல் வேண்டும். பொரி போடலாம். முள் இல்லாமல்.

கே: நாகையில் தடைக்காலம் முடிந்து முதல் நாள் விசைப்படகு கிளம்பும்போது நானும் ஏறிக்கொள்ளலாமா?
— கடல் பைத்தியம், கொல்லுமாங்குடி

ப: ஏற்ற மாட்டார்கள். அது உல்லாசப் பயணம் அல்ல, மீனவர் அடையாள அட்டை இல்லாமல் படகில் கால் வைப்பது அவர்களுக்கும் தொல்லை. ஆனால் ஜூன் 14 சாயங்காலம் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு தொழில் எப்படித் தயாராகிறது என்று தெரியும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் நீண்டது. மீன் இனம் பெருகட்டும் என்பதற்கான ஓய்வு, மீனுக்குத்தான், மனிதருக்கு அல்ல. இரண்டு மாதமும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது, வர்ணம் அடிப்பது, இஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பது, வலையில் கண் கண்ணாகக் கிழிசல் தைப்பது என்று போகும். கடைசி நாளில் டீசல், ஐஸ், குடிதண்ணீர், அரிசி, மளிகை ஏறும். முதல் நாள் பாடு எப்படி என்பது கரை திரும்பிய பிறகுதான் தெரியும். செலவு மட்டும் புறப்படும் முன்பே தெரியும்.

தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப் படகுகள் அருகில் போய் வரும். ஆகவே ‘மே மாதத்தில் கடல்மீனே கிடையாது’ என்று சொல்லி விலை ஏற்றுகிறவரை முழுதும் நம்பாதீர்கள். ஜூன் முதல் பதினான்கு நாள் சொன்னால் கொஞ்சம் நம்பலாம். மேற்குக் கரையின் பெரும்பகுதியிலும் ஜூன் 1 தடை தொடங்கிவிடுவதால் அந்த இரண்டு வாரமும் இரண்டு கரையிலும் விசைப்படகு குறைவு.

கே: பனையேறிக் கெண்டை நிஜமாகவே பனை ஏறுமா? எங்கள் தாத்தா கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்.
— பேரன், நன்னிலம்

ப: தாத்தா தனியாள் இல்லை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் என்பவரும் அதையே சொன்னார். 1791 நவம்பர், நல்ல மழைக்காலம். குளத்தோரப் பனையில், ஐந்தடி உயரத்தில், மேலே ஏறிக்கொண்டிருந்த மீனைத் தானே பிடித்ததாக அவர் எழுதியது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சாகியிருக்கிறது. பிறகு வந்த ஆய்வாளர்கள் தலையைச் சொறிந்தார்கள். காக்கையும் பருந்தும் கவ்விப்போய் மரத்தில் போட்ட மீனாக இருக்கும் என்று 1927இல் தாஸ் என்ற ஆய்வாளர் விளக்கம் சொன்னார்.

செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு அதற்கு, தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் தாங்கும். செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஊன்றித் தரையில் நகரும், மழை இரவில் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போகும். என் தீர்ப்பு: பனை சந்தேகம், வரப்பு நிச்சயம். தாத்தாவிடம் முதல் பாதியைச் சொல்ல வேண்டாம். நீங்கள் வாளிக்கு மூடி போடுங்கள்.

கே: தேளி குத்தினால்?
— குத்துப்பட்டவர், பேரளம்

ப: பக்கத் துடுப்பின் முள்ளில் விஷம் உண்டு, பெயருக்கேற்ற வலி. தோல் வெந்துபோகாமல் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி இறங்கும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீங்கினாலோ ஆஸ்பத்திரி, டெட்டனஸ் ஊசி. முதல் பயணத்துக்குக் குறடு ஒன்று எடுத்துப் போனால் இந்தக் கேள்வியே வராது. கெளுத்திக்கும் அதே மரியாதை.

கே: பேட்டரியில் கரண்ட் விட்டுப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு கூடை. தூண்டிலோடு ஏன் மாரடிக்க வேண்டும்?
— நவீனர்

ப: வெடியும் விஷமும் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டுச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. அதை எழுதிய வெள்ளைக்காரருக்கு இன்வெர்ட்டர் தெரியாது என்று வாதாடாதீர்கள். கரண்டுக்குக் கெண்டை, குஞ்சு, தவளை, தண்ணீரில் நிற்கும் நீங்கள் என்ற பேதம் தெரியாது. உங்கள் கடிதத்துக்கு மட்டும் சிரித்துப் பதில் சொல்ல வரவில்லை.

கே: முதல் மீனைத் திருப்பி விட வேண்டும் என்கிறாள் பாட்டி. சாஸ்திரமா?
— பேத்தி, பூந்தோட்டம்

ப: நாகைப்பட்டினத்து அதிபத்த நாயனார் அப்படித்தான், அறுபத்துமூவரில் ஒருவர். தினமும் வலையில் வரும் முதல் மீன் சிவனுக்கு. ஒரே ஒரு மீன் மாட்டிய நாட்களிலும் விட்டார், பொன்மீன் மாட்டியபோதும் விட்டார். நமக்கு அவ்வளவு சோதனை வராது.

சாஸ்திரத்தை விடுங்கள், புதுத்தண்ணீரில் ஏறி வரும் மீன் முட்டையிடத்தான் வருகிறது. வயிறு புடைத்த சினை மீனை விடுவதில் கணக்கும் இருக்கிறது. இன்னொன்று: நீர்ப்பரப்பில் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் திரண்டு மேய்ந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரம் இரையைக் காட்டினால் கோபத்தில் பாய்ந்து கவ்வும், பிடிப்பது சுலபம். பெரிசு சட்டிக்குப் போன அன்றே குஞ்சுகள் கெளுத்திக்கும் கொக்குக்கும் போய்விடும். பாட்டி சொல்வதைக் கேளுங்கள்.

கே: ஒன்றுமே மாட்டாமல் வீட்டுக்குப் போனால் மனைவியிடம் என்ன சொல்ல?
— கௌரவம் பார்ப்பவர், சன்னாநல்லூர்

ப: உண்மையை. கடைவீதியில் வாங்கிப் போவதாக இருந்தால் ஐஸைக் கழுவிவிட்டு, விராலோ கெண்டையோ பார்த்து வாங்குங்கள். முடிகொண்டான் ஆற்றில் பிடித்ததாகச் சொல்லி சங்கராவை நீட்டினார் ஒரு நண்பர். வீட்டம்மாவுக்கு நாகூர் பிறந்த ஊர்.