ஏழே படிகளில் நீங்களும் லாயர்

மலாக்காவின் சுங்கை ரம்பாயில் சட்டம் தெரியாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். காப்பிக்கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் ஒரு நிலத் தகராறு, ஒரு விவாகரத்து, ஒரு கார் மோதல் மூன்றுக்கும் தீர்ப்பு வந்துவிடும். மேல்முறையீடு பக்கத்து மேசையில். அந்த மேசைகளில் இடம் பிடிக்க ஆசைப்படும் புதியவர்களுக்காக இந்தக் கையேடு.

முதல் படி: மலாக்காவின் சொந்தக் குற்றவியல் சட்டத்தைத் தேடுங்கள்

கிடைக்காது. அதனால் என்ன, தேடுகிறவருக்கு ஒரு மரியாதை உண்டு. 15ஆம் நூற்றாண்டில், சுல்தான்கள் ஆண்டபோது, ஹுக்கும் கானூன் மலாக்கா என்று 44 பிரிவுகளுடன் ஒன்று இருந்தது. நீங்கள் ஐந்நூறு ஆண்டு தாமதமாக வந்திருக்கிறீர்கள். இன்று கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைதான் பாகப்பிரிவினைப் பத்திரம். கொலை, திருட்டு, ஒப்பந்தம், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் எல்லாம் நாடாளுமன்றத்தின் பங்கு. நிலம், ஊராட்சி, முஸ்லிம்களுக்கான இஸ்லாமியச் சட்டம் ஆகியவை மாநிலத்தின் பங்கு. மலாக்கா சட்டமன்றத்தில் 28 தொகுதிகள். கடைசி எண் சுங்கை ரம்பாய். ஆனால் அங்கே போகும் நம் ஒய்.பி. நினைத்தாலும் திருட்டுக்குத் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

ஆகவே, கெசாங் ஆற்றைத் தாண்டி ஜொகூருக்குள் போய்க் கோழி திருடினாலும் அதே தண்டனைதான். கடையை ரோட்டோரம் நீட்டிப் போட்டால் மட்டும், ஜாசின் நகராட்சிக்குப் பதிலாக அந்தப் பக்கத்து ஊராட்சி மன்றம் சம்மன் கொடுக்கும்.

இரண்டாம் படி: குற்றவியலைத் தமிழ்ப் படத்தில் படியுங்கள்

சிரிக்க வேண்டாம், இது ஓரளவு வேலை செய்யும். மெக்காலே வரைவு எழுதி 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தை, மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் 1871இல் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டன. அதன் பேரப்பிள்ளைதான் இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டம், 574ஆம் எண் சட்டம். அதனால்தான் கொலை அங்கேயும் 302, இங்கேயும் 302. ஏமாற்று அங்கேயும் 420, இங்கேயும் 420.

ஒரே சிக்கல், இந்தியா 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. அங்கே கொலை இப்போது 103, ஏமாற்று 318. சென்னையில் ‘நானூத்தி இருபது’ என்று ஒருவரைத் திட்டினால் அது பழம்பெருமை. இங்கே மெர்லிமாவில் திட்டினால் இன்னும் செல்லுபடியாகும் பிரிவு. தண்டனையில்தான் படத்தை நம்பக் கூடாது. அங்கே பழைய 420க்கு அதிகபட்சம் ஏழாண்டு. இங்கே குறைந்தது ஓராண்டு, கூடினால் பத்தாண்டு, அதோடு பிரம்படியும் அபராதமும். இன்னொன்று: கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு சொல்கிறது. இடைவேளை வரை லாக்கப்பில் வைத்திருப்பதெல்லாம் இயக்குநரின் வசதிக்காக.

மூன்றாம் படி: அதே தைரியத்தில் சொத்துச் சட்டத்தை சீரியலில் படியுங்கள்

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் பட்டம் வாங்குகின்றன. பூர்வீகச் சொத்து, மூத்த மகனுக்கே வீடு, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று சீரியலில் கேட்டதை எல்லாம் பெரிய காரியம் முடிந்த மறுநாளே அறிவித்துவிடுங்கள். 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது என்பதைக் கடைசி வரை யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவருக்கு மனைவியும் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்தால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் என்றால் மகனும் மகளும் சமம். மூத்தவர், இளையவர் என்ற பேச்சே அதில் இல்லை.

நிலமும் அடங்கிய சொத்து 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டாமல், உயிலும் இல்லாமல் இருந்தால், உயர் நீதிமன்றம் வரை போகாமல் நில அலுவலகத்திலேயே பிரித்துக்கொள்ளலாம். இது தெரிந்தால் அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதற்குக் காரணம் குறைந்துவிடும். ஆகையால் சொல்லாதீர்கள்.

நான்காம் படி: சட்டத்தின் தலைப்பில் உள்ள ஆண்டை மட்டும் பாருங்கள்

உள்ளே புரட்டிப் படிப்பவர்கள் படிப்பாளிகள். நமக்கு அட்டை போதும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், விவாகரத்துச் சட்டம் 1976இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 1982 மார்ச் 1. நாடாளுமன்றம் கை தூக்கியதும் மாமன்னர் ஒப்புதல் தந்ததும் போதாது. நடைமுறைத் தேதி அரசாங்க கெஜட்டில் வர வேண்டும். அந்த மார்ச் 1 முதல் ஒருவருக்கு ஒரு துணைதான், பதிவும் கட்டாயம். கோயிலில் ஊர் கூடித் தாலி கட்டிவிட்டுப் பதிவை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்களுக்கு, அந்த அப்புறம் பெரும்பாலும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தின்போதோ கணவரின் மரணத்தின்போதோதான் வருகிறது.

ஐந்தாம் படி: கிராண்டைப் படிக்காமல் நிலம் வாங்குங்கள்

செம்பனைக்கு நடுவே விலை மலிவாக ஒரு துண்டு நிலம் என்றால் உடனே முன்பணம் கொடுத்துவிடுங்கள். கிராண்டில் எம்.சி.எல். என்ற மூன்று எழுத்து இருந்தால், அது மலாக்கா மரபு நிலம். சாதாரணமாக மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. இது மலாக்காவுக்கே உரிய ஏற்பாடு. 1963ஆம் ஆண்டின் பினாங்கு, மலாக்கா நிலப்பட்டாச் சட்டத்தில் இருக்கிறது. முன்பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஜாசின் நில அலுவலகத்தில் ஒரு தேடல் போட்டுப் பார்ப்பவர்களை, காப்பிக்கடையில் ‘பயந்தாங்கொள்ளி’ என்று சொல்லி வெளியேற்றிவிடலாம்.

ஆறாம் படி: பொறுமையாக இருங்கள்

கடன் கொடுத்தீர்களா, காண்ட்ராக்டர் பாதி வேலையில் ஓடிவிட்டாரா? ‘கடவுள் பார்த்துக்குவார்’ என்று விடுங்கள். 1953ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் ஒப்பந்தத்துக்கும் தீங்கியல் வழக்குக்கும் பொதுவாக ஆறு ஆண்டு தருகிறது. எதிராளி அரசாங்கமோ நகராட்சியோ என்றால் மூன்றே ஆண்டு. ஏழாம் ஆண்டில் கோபம் வந்து லாயரிடம் போவது நம் மரபு. கடவுளுக்குக் காலவரம்பு கிடையாது, கோர்ட்டுக்கு உண்டு.

ஏழாம் படி: இலவசமாகக் கிடைப்பதைத் தொடாதீர்கள்

தேசிய சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் கூட்டரசுச் சட்டங்களை இணையத்தில் காசில்லாமல் வைத்திருக்கிறது, மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழில் இல்லை என்பது காப்பிக்கடைக்குக் கிடைத்த மானியம். ஆனால் வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை மலாயில் கட்டுரை எழுதுகிறதே, அதைக் கூப்பிட்டு 2ஆம் பிரிவிலிருந்து படிக்கச் சொன்னால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பொருள் விளக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனவே பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிடுங்கள்.

வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவித் துறை உண்டு. கெட்டுப்போன வாஷிங் மெஷினுக்கு மூன்று ஆண்டுக்குள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்: 50,000 ரிங்கிட் வரை, கட்டணம் 5 ரிங்கிட். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீங்களே நின்று சொல்லலாம். லாயர் வைத்துக்கொள்ளவே விடமாட்டார்கள். இவ்வளவும் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் மேசையில் பேச என்ன மிஞ்சும், ஃபுட்பால்தான்.

பொறுப்புத் துறப்பு: இந்தக் கையேட்டை நம்பி நடந்து நஷ்டப்பட்டவர்கள் தாராளமாக எங்கள்மேல் வழக்குப் போடலாம். ஆறு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நஷ்டம் 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் லாயர் செலவும் மிச்சம்.